20 அடியா 40 அடியா, ஏ9 வீதியா தண்டவாளமா: யாழ்ப்பாணத்துக்கு வரும் கொள்கலன்களின் கணக்கு

கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் கிடக்கின்றன என்று செய்தி வந்தால், சில நாட்களில் யாழ்ப்பாணக் கடைகளில் டைல்ஸ் விலையும் சீனி விலையும் பேச்சாகிவிடும். கூடவே ஒரு கேள்வியும் எழும். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை தண்டவாளம் கிடக்க, சரக்கெல்லாம் ஏன் இரவிரவாக ஏ9 பெருவீதியால் லொறியில் வருகிறது? புகையிரதம் மலிவு என்றுதானே சொல்கிறார்கள்?

புகையிரதம் மலிவுதான். ஆனால் ஓடும் தூரத்தில் மட்டும். ஏற்றி இறக்கும் இடத்தில் அது லொறியை விடச் செலவு கூடியது. இந்த இரண்டும் எங்கே சமப்படுகின்றன என்பதைப் பார்க்க, முதலில் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்டியின் அளவுகள்

கடலில் போகும் கொள்கலன்களில் நாம் காண்பவை பெரும்பாலும் மூன்று வகை.

1. 20 அடி: வெளிநீளம் 6.058 மீற்றர், அகலம் 2.438 மீற்றர், உயரம் 2.591 மீற்றர். உள்ளே ஏறத்தாழ 33 கன மீற்றர். வெற்றுப் பெட்டியின் எடை சுமார் 2.2 தொன்.
2. 40 அடி: நீளம் 12.192 மீற்றர், அகலமும் உயரமும் அதேதான். உள்ளே 67 கன மீற்றருக்குச் சற்று மேல். வெற்று எடை சுமார் 3.7 தொன்.
3. 40 அடி ஹை கியூப்: நீள அகலம் அதே, உயரம் மட்டும் 2.896 மீற்றர், அதாவது ஓர் அடி கூட. உள்ளே 76 கன மீற்றர். வெற்று எடை 4 தொன்னை ஒட்டி வரும்.

20 அடிப் பெட்டி உண்மையில் முழு 20 அடி இல்லை. ஒன்றரை அங்குலம் குறைவு. இரண்டு 20 அடிப் பெட்டிகளை நடுவில் 3 அங்குல இடைவெளி விட்டு வைத்தால் சரியாக ஒரு 40 அடியின் இடம் வரவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். எட்டு மூலையிலும் உள்ள வார்ப்பு உருக்குத் துளைக்கட்டைகளின் இடைத்தூரம் உலகம் முழுவதும் ஒன்று. கப்பல், ட்ரெய்லர், புகையிரத வண்டி மூன்றிலும் அதே பூட்டு அதே துளையில் விழும். கொள்கலனின் பெறுமதியே அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

செய்திகளில் வரும் டி.இ.யு என்பது 20 அடிப் பெட்டிக் கணக்கு. ஒரு 40 அடி இரண்டு டி.இ.யு. கொழும்புத் துறைமுகம் 2021 இல் 72 இலட்சம் டி.இ.யுவுக்கு மேல் கையாண்டது. இந்த எண்ணைப் பார்த்து மயங்கக்கூடாது. அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகும் பெட்டிகள். துறைமுக வாசலைத் தாண்டி நாட்டுக்குள் வருவது மீதிதான்; அதிலும் பெரும்பகுதி கொழும்பைச் சுற்றியே திறக்கப்பட்டுவிடும்.

கதவில் எழுதியிருக்கும் வகைக்குறியிலும் ஒரு குழப்பம் உண்டு. 22ஜீ1 என்றால் 20 அடி. 42ஜீ1 என்றால் 40 அடி. 45ஜீ1 என்றால் 45 அடி அல்ல. அது 40 அடி ஹை கியூப். முதல் எண் நீளத்தையும் இரண்டாவது எண் உயரத்தையும் சொல்கின்றன. 45ஆர்1 அதே அளவிலான குளிரூட்டிப் பெட்டி.

எடை முந்துமா, இடம் முந்துமா?

புதிதாக இறக்குமதியில் இறங்குவோர் அதிகம் பிழைவிடும் இடம் இது. 40 அடிப் பெட்டிக்குள் இரண்டு மடங்கு இடம் இருப்பதால் இரண்டு மடங்கு எடை ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். பெட்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையின் உச்சம் இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான பெட்டிகளில், 20 அடியானாலும் 40 அடியானாலும், 30.48 தொன். வெற்று எடையைக் கழித்தால் 20 அடியில் 28.2 தொன் ஏற்றலாம். 40 அடியில் 26.7 தொன்தான். பெரிய பெட்டி ஒன்றரைத் தொன் குறைவாகவே தாங்கும்.

சரக்கைப் பெட்டிக்குள் அடுக்கும்போது கன அளவின் 85 வீதம் வரைதான் பெரும்பாலும் நிரப்ப முடியும். அப்படிப் பார்த்தால் ஒரு கன மீற்றர் சுமார் 465 கிலோவுக்கு மேல் நிறுக்கும் சரக்குக்கு 40 அடி வீண். இடம் நிரம்பும் முன்னரே எடை முடிந்துவிடும். மூடைச் சீனி ஒரு கன மீற்றர் 800 கிலோவை ஒட்டி வரும். அதை 40 அடியில் 26.7 தொன் ஏற்றினால் பாதிப் பெட்டி காற்றுத்தான். அதே சீனி 20 அடியில் ஏறக்குறைய முழுவதையும் நிரப்பிவிடும். டைல்ஸ் இன்னும் அடர்த்தி. 20 அடிப் பெட்டியில்கூட இடுப்பளவுக்கு அடுக்கியதும் எடை எல்லை வந்துவிடும். மெத்தை, பிளாஸ்டிக் கதிரை, தண்ணீர்த் தாங்கி, உடுபுடைவை போன்றவைக்கு ஹை கியூப் பொருந்தும்.

ஆக, கொழும்பிலிருந்து புறப்படும்போதே இரண்டு வகைச் சரக்கு இருக்கின்றன: பாரமான 20 அடிகள், பாரமற்ற 40 அடிகள். வீதிக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான தெரிவு முதலில் இங்கேதான் பிரிகிறது.

வீதியில் ஏறியபின்

முழுப்பாரம் ஏற்றிய ஒரு கொள்கலனை இழுக்கும் பிரைம் மூவரும் ட்ரெய்லரும் தாமே 13 தொன் அளவில் நிறுக்கும். எல்லாம் சேர்ந்து 43, 44 தொன். இந்தப் பாரம் அச்சுகளில் எப்படிப் பகிரப்படுகிறது என்பதில்தான் வீதியின் ஆயுள் இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பெரிய அளவில் நடத்தப்பட்ட வீதிச் சோதனையிலிருந்து கிடைத்த விதி இன்றும் பொறியியலாளர்களின் கைக்கணக்கு: வீதிக்கு வரும் சேதம் அச்சுப்பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடும். 10 தொன் அச்சை 12 தொன் ஆக்கினால் பாரம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. சேதமோ இரண்டு மடங்குக்கு மேல். மழைக்காலம் முடிந்ததும் ஏ9 வீதியில் சில துண்டுகள் மட்டும் பள்ளம் விழுவதற்கு நீர் ஒரு காரணம் என்றால், மிகைப்பாரம் மற்றக் காரணம். அந்தச் செலவு லொறி வாடகையில் சேர்வதில்லை. திருத்தும்போது எல்லாருமாகக் கட்டுகிறோம்.

யாழ்ப்பாணத்துக்குள் வந்தபின் இன்னும் நாலு சிக்கல்.

1. உயரம். ட்ரெய்லரின் தளம் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றரை ஒட்டி இருந்தால், ஹை கியூப் பெட்டியின் உச்சி 4.4 மீற்றருக்குப் போகும். பிரதான வீதியில் பிரச்சினை இல்லை. உள்வீதிகளில் தாழத் தொங்கும் தொலைபேசிக் கம்பியும் வேப்பங்கிளையும் தடுக்கும்.

2. திருப்பம். இரு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கையில் 40 அடி ட்ரெய்லர் திரும்பாது. முன்பக்கம் வளைந்தாலும் பின்சில்லு உள்மூலையை வெட்டிக்கொண்டே வரும். களஞ்சியம் ஒழுங்கைக்குள் இருந்தால், பிரதான வீதியில் நிறுத்திச் சின்ன லொறிக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. அது ஒரு இறக்குகூலி, ஒரு ஏற்றுகூலி.

3. இறக்கும் மேடை. பெட்டியின் தரையும் லொறியின் தளமும் ஒரே மட்டத்தில் வரும் மேடை நம் கடைகளில் மிகக் குறைவு. மூடைமூடையாகத் தலையில் வைத்தே இறக்குகிறார்கள். 50 கிலோ மூடையில் 25 தொன் என்றால் 500 மூடை. ஆறு பேர் நின்றாலும் அரைநாள் போய்விடும். அதுவரை பிரைம் மூவர் சும்மா நிற்கும், காத்திருப்புக் கூலி ஏறும்.

4. ஒரே ட்ரெய்லரில் இரண்டு 20 அடி. எடை இடம் கொடுத்தால் இது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் முன்னால் உள்ள பெட்டியின் கதவு ஒன்றில் பிரைம் மூவரைப் பார்க்கும், அல்லது பின்பெட்டியில் முட்டும். கிரேன் இல்லாத இடத்தில் அதைத் திறக்கவே முடியாது. ஒற்றை 20 அடியை 40 அடி ட்ரெய்லரில் ஏற்றும்போதும் இதே மாதிரி ஒரு தர்மசங்கடம். கடைசியில் வைத்தால் இறக்க வசதி, ஆனால் பாரம் முழுக்கப் பின்னச்சுகளில் விழும். நடுவில் வைத்தால் பாரம் சமன், இறக்குவது சிரமம்.

தண்டவாளத்தின் பலம்

உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை, ரயர் வீதியில் உருளும்போது ஏற்படுவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஒரே எடையை இழுக்கப் புகையிரதத்துக்கு எரிபொருள் மிகக் குறைவாகத் தேவைப்படுவது இதனால்தான். வடபாதையில் மலைநாட்டுப் பாதையைப் போன்ற ஏற்றங்களும் இல்லை. இலங்கையின் பாதை அகலம் 1676 மில்லிமீற்றர், இந்தியாவின் அகலப்பாதையும் அதுவே. அங்கே இதே அகலத்தில் கொள்கலன் புகையிரதங்கள் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நாள்தோறும் ஓடுகின்றன. ஆகவே தொழில்நுட்பம் தடையில்லை.

20 தட்டை வண்டிகள் கொண்ட ஒரு புகையிரதம் 40 இருபதடிப் பெட்டிகளைக் கொண்டுவரும். ஒவ்வொன்றிலும் 25 தொன் என்றால் 1,000 தொன். 12 தொன் ஏற்றும் லொறி என்றால் 84 லொறி, 84 சாரதி, ஏ9 வீதியில் 84 தடவை. இங்கே ஒரு என்ஜினும் அதை ஓட்டும் இரண்டொரு பேரும் போதும்.

வீதியில் இரண்டு பாரமான 20 அடிகளை ஒரே ட்ரெய்லரில் ஏற்றினால் பெட்டிகள் மட்டுமே 60 தொன் வரும். அதை ஏற்ற முடியாது. தட்டை வண்டிக்கு அது சிரமமான வேலையல்ல. பாரமான 20 அடி தண்டவாளத்துக்குரிய சரக்கு என்று சொல்வது இதனால்தான்.

ஏற்றி இறக்கும் கணக்கு

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியாலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், தண்டவாளத்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு பெட்டி வந்து, திறந்து, வெறுமையாகக் கொழும்புக்குத் திரும்பும் வரை எத்தனை தடவை தூக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வீதியில் இரண்டு தடவை: துறைமுகத்தில் ட்ரெய்லரில் ஏற்ற ஒன்று, வெற்றுப்பெட்டியைக் கப்பல் நிறுவனத்தின் யார்ட்டில், அதாவது பெட்டிகள் அடுக்கும் வளவில், இறக்க ஒன்று. யாழ்ப்பாணத்தில் பெட்டி ட்ரெய்லரை விட்டு இறங்குவதேயில்லை.

தண்டவாளத்தில் குறைந்தது ஆறு: துறைமுகத்தில் ட்ரெய்லருக்கு, கொழும்பில் ட்ரெய்லரிலிருந்து புகையிரத வண்டிக்கு, வடக்கில் புகையிரத வண்டியிலிருந்து ட்ரெய்லருக்கு, திரும்பும்போது அதே மூன்றும் மறுபக்கமாக. யார்ட்டில் ஒருதரம் நிலத்தில் வைத்து எடுத்தால் இது பத்துவரை போகும். அதோடு இரு முனையிலும் குறுந்தூர ட்ரெய்லர் ஓட்டம் நாலு.

இதை அலகுகளில் வைத்துப் பார்ப்போம். கணக்கின் போக்கைக் காட்டவே இந்த எண்களை எடுக்கிறோம். இவை எவருடைய கட்டண விபரமும் அல்ல. ட்ரெய்லர் ஒரு கிலோமீற்றர் ஓட 1 அலகு, நிரம்பிய புகையிரதத்தில் ஒரு பெட்டிக்கு கிலோமீற்றருக்கு 0.35 அலகு, ஒரு தூக்குக்கு 15, ஒரு குறுந்தூர ஓட்டத்துக்கு 60 என்று கொள்வோம்.

1. வீதி, போய்வர 800 கிலோமீற்றர்: 800 + 30 = 830.
2. நிரம்பிய புகையிரதம்: 280 + 90 + 240 = 610.
3. பாதி நிரம்பிய புகையிரதம்: ஒரு பெட்டிக்கான ஓட்டச்செலவு இரட்டிக்கும். 560 + 330 = 890.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். வீதியைத் தோற்கடித்த அதே புகையிரதம், பாதி வண்டி வெறுமையாக ஓடினால் வீதியிடம் தோற்றுப்போகிறது. இதே எண்களை வைத்து 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊருக்குப் பார்த்தால் வீதி 430, நிரம்பிய புகையிரதம் 470. 800 கிலோமீற்றருக்கு வீதி 1,630, புகையிரதம் 890. தூரம் கூடக்கூடத் தண்டவாளம் வெல்லும். யாழ்ப்பாணத்தின் 400 கிலோமீற்றர் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. புகையிரதம் நிரம்புமா இல்லையா என்பதே அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்கும்.

புகையிரதத்தின் உண்மையான போட்டியாளர்

மேலே ஒப்பிட்டது கொள்கலன் ட்ரெய்லரோடு. ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பெரும்பாலான சரக்கு கொள்கலனில் வருவதேயில்லை. கொழும்பில் பெட்டியைத் திறந்து, சாதாரண லொறிகளுக்கு மாற்றி அனுப்புகிறார்கள். இதற்குக் காரணங்கள் இருக்கின்றன. சுங்கப் பரிசோதனைக்குத் தெரிவான பெட்டி கொழும்பிலேயே திறக்கப்படும்; திறந்த சரக்கைத் திரும்ப அடுக்கி அனுப்ப யாரும் விரும்பமாட்டார்கள். கப்பல் நிறுவனம் கொடுக்கும் இலவச நாட்கள் முடிந்தால் பெட்டிக்கு நாள்வாடகை ஓடும். 400 கிலோமீற்றர் போய்த் திரும்புவதற்குள் ஒன்றிரண்டு நாள் அதில் கரைந்துவிடும். பல கடைக்காரர் ஒரு முழுப்பெட்டி அளவுக்கு வாங்குவதுமில்லை. புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் ஐம்பது மூடை, நூறு பெட்டி என்று எடுப்பவர்களே அதிகம்.

லொறிக்கு உள்ள பெரிய வசதி, அது வெறுமையாகத் திரும்பத் தேவையில்லை. இங்கே மூடை இறக்கிய லொறி மாலையில் திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் பக்கத்தில் சின்ன வெங்காயம், வாழைக்குலை, பீற்றூட் ஏற்றிக்கொண்டு விடியமுன் தெற்கே போய்ச்சேரும். திரும்பும் ஓட்டத்துக்கு வேறொருவர் பணம் கொடுக்கிறார். முன்சொன்ன அலகுகளிலேயே, லொறி கிலோமீற்றருக்கு 0.6 என்று வைத்தால், ஒரு பெட்டிச் சரக்குக்கு இரண்டு லொறி ஒருவழி 480, கொழும்பில் மாற்றும் கூலி 60, மொத்தம் 540. பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் புகையிரதத்தின் 610 ஐ அது வென்றுவிடுகிறது.

புகையிரதப் பெட்டியும் திரும்பும்போது சரக்கோடு போனால்? ஒருவழிக்கு 140, மூன்று தூக்கு 45, இரண்டு குறுந்தூர ஓட்டம் 120, மொத்தம் 305. எந்த லொறியும் அருகில் வரமுடியாது. எனவே கேட்கவேண்டிய கேள்வி தெற்கிலிருந்து என்ன வருகிறது என்பது மட்டுமல்ல, வடக்கிலிருந்து என்ன போகிறது என்பதுதான்.

வடக்கின் திரும்பும் சுமை

1990 க்கு முன் இந்தக் கணக்குச் சமன்பட்டிருந்தது. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உற்பத்தி தண்டவாளத்தால் தெற்கே போனது. பொருட்கள் வடக்கே வந்தன. சீமெந்து பாரமானது, கெட்டுப்போகாதது, ஒரே இடத்திலிருந்து ஒழுங்காகப் புறப்படுவது. புகையிரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சுமை இல்லை. 1990 இல் தொழிற்சாலையும் நின்றது, புகையிரதமும் நின்றது. மீண்டும் புகையிரதம் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர் 13. காங்கேசன்துறையை எட்டியது 2015 ஜனவரி 2. பாதை திரும்பி வந்தது, சுமை திரும்பி வரவில்லை.

தோட்டப்பயிர் அந்த இடத்தை நிரப்பாது. வெங்காயமும் வாழையும் சிறுசிறு தொகையாகப் பத்துச் சந்தைகளில் சேர்வன, இன்றே போகவேண்டியவை. மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெயிலில் ஒரு நாள் நின்றால் வெங்காயம் வேர்த்துவிடும். குளிரூட்டிப் பெட்டி என்றால் மின்னாக்கி பூட்டிய வண்டி வேண்டும். நண்டு, இறால் போன்ற ஏற்றுமதிச் சரக்குக்கு அது கட்டுப்படியாகலாம், வாழைக்குலைக்கு ஆகாது.

பொருத்தமானவை வேறு. ஆனையிறவு உப்பு: கன மீற்றர் ஒரு தொன்னுக்கு மேல் நிறுக்கும், கெடாது, உப்பளத்தின் பக்கத்தாலேயே தண்டவாளம் போகிறது. 20 அடிப் பெட்டிக்கு அளவெடுத்துச் செய்த சுமை அது. ஆனால் உப்பு இரும்பைத் தின்னும்; உள்விரிப்பு இல்லாமல் ஏற்றினால் கப்பல் நிறுவனம் பெட்டியைத் திரும்ப எடுக்கும்போது கழுவல், பழுதுச் செலவு கேட்கும். அடுத்தது கிளிநொச்சி அரிசி. இரணைமடுக் குளத்தின் கீழ் விளையும் நெல்லை அங்கேயே குற்றி மூடையாக்கினால், அதுவும் ஒழுங்கான பாரச்சரக்கு. மூன்றாவது பழைய இரும்பு. குடாநாட்டின் தோட்டத்தைவிட, கிளிநொச்சிக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட நிலமே கொள்கலன் புகையிரதத்தைக் காப்பாற்றக்கூடியது.

யார்ட் எங்கே, அதில் என்ன இருக்க வேண்டும்

யாழ்ப்பாணப் புகையிரத நிலையம் நகரத்துக்குள் இருக்கிறது; 44 தொன் ட்ரெய்லரை அங்கே கொண்டுபோவது சரியல்ல. நாவற்குழியில் ஏ9 வீதியும் மன்னாரிலிருந்து வரும் ஏ32 வீதியும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. முல்லைத்தீவுக்கு ஏ35 பிரியும் பரந்தன் இன்னொரு நல்ல இடம். ஒன்றை மட்டும் தேர்வதென்றால், இறக்குமதிக்கு நாவற்குழி, திரும்பும் சுமைக்குப் பரந்தன்.

இடம் மட்டும் போதாது. நிரம்பிய பெட்டியைத் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் வெறுமையாகவே 70 தொன் அளவில் நிறுக்கும். சுமையோடு நீட்டும்போது அதன் முன்னச்சில் மட்டும் 100 தொன்னை ஒட்டிப் பாரம் விழும். சாதாரணத் தார் போட்ட வளவில் அதை இறக்கினால் முதல் மாரியிலேயே சில்லு புதையும். கனமான கொங்கிறீற்றுத் தளம் வேண்டும். யார்ட்டின் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான். ஒரு தூக்குக்கு மூன்று, நாலு நிமிடம் என்றால், 40 பெட்டி இறக்கி 40 பெட்டி ஏற்ற நாலைந்து மணித்தியாலம் போகும். அவ்வளவு நேரமும் புகையிரதம் பிரதான பாதையை விட்டு விலகி நிற்கப் பக்கப்பாதை வேண்டும்.

வடபாதை பெரும்பாலும் ஒற்றைப் பாதை. எதிரே வரும் புகையிரதத்துக்கு வழிவிட நிலையங்களில் உள்ள கிளைப்பாதையில் ஒதுங்க வேண்டும். 20 வண்டி சேர்ந்தால் என்ஜினோடு 300 மீற்றரை ஒட்டும்; அந்த நீளம் கொள்ளாத கிளைப்பாதை ஒன்றிருந்தாலும் நேர அட்டவணை முழுவதும் அதற்குள் சிக்கும். பயணிகள் புகையிரதங்களுக்கு முதலிடம் கொடுப்பதால் சரக்கு ஓட்டம் இரவுக்குத் தள்ளப்படும். இரவில் காவலில்லாத கடவைகளுக்குச் சமிக்ஞை விளக்கு கட்டாயம் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

இன்றைக்கு ஒரு பெட்டி எடுப்பவர் பார்க்க வேண்டியவை

1. சரக்கின் கன மீற்றர் எடையைக் கணக்கிட்டபின்பே பெட்டியின் அளவைத் தீர்மானியுங்கள். 465 கிலோவுக்கு மேல் என்றால் 20 அடி.
2. பாரத்தைத் தரை முழுவதும் பரப்பி அடுக்கச் சொல்லுங்கள். கதவுப் பக்கம் குவித்தால் ட்ரெய்லரின் பின்னச்சு மிகைப்பாரமாகும்; ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் கவிழும்.
3. 2016 ஜூலை 1 முதல், நிறுத்து உறுதிசெய்த மொத்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது. அந்த எடைச்சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் ட்ரெய்லரை எத்தனை அச்சில் எடுப்பது என்பதை அதை வைத்தே முடிவுசெய்யலாம்.
4. இலவச நாட்கள் எத்தனை, எந்த நாளிலிருந்து எண்ணப்படும், வெற்றுப்பெட்டியை எந்த யார்ட்டில் கொடுப்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள்.
5. களஞ்சிய வாசலை அளந்து பாருங்கள். 40 அடி ட்ரெய்லர் திரும்பாத ஒழுங்கை என்றால், கொழும்பிலேயே லொறிக்கு மாற்றுவதுதான் மலிவு.
6. கதவைத் திறக்கமுன் முத்திரை எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். திறக்கும்போது வலப்பக்கக் கதவை மட்டும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். வழியில் சரிந்த மூடைகள் கதவில் சாய்ந்து நிற்கும். நேரே முன்னால் நிற்பவரின் மேல்தான் அவை விழும்.